ஈரப்பட்டி என்கிற என் மச்சினன்

கூப்பிட்டிருக்க வேண்டியது என்னைத்தான். இந்தக் குறை எனக்கு வருஷக்கணக்காக உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளுக்காக ஜெபம் பண்ண ஆள் வேண்டும் என்று சபையில் போதகர் கேட்டபோது, முதலில் கையைத் தூக்கியவன் நான். ஏற்ற இறக்கத்தோடு ஜெபங்களைக்கூட மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். போதகரோ என் தலைக்கு மேலாகப் பார்த்து, தூண் மறைவில் உட்கார்ந்திருந்த என் மச்சினனைக் கூப்பிட்டார்.

அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"ஐயா, பட்டி இன்னும் காயலையே."

சபையே சிரித்தது. நாங்கள் இரண்டு பேரும் பெயிண்டர்கள். சுவரின் குழி மேட்டைச் சமமாக்கப் பட்டி பூசி, அது காய்ந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகுதான் வர்ணம். ஈரத்தில் அடித்தால் உரிந்து கையோடு வரும். இவன் அதை வாழ்க்கைக்கே சட்டமாக்கிவிட்டான். பெண் பார்க்கட்டுமா என்று அவன் அக்கா, அதாவது என் வீட்டுக்காரி, கேட்டால், "பட்டி காயலைக்கா." தனியாக வேலை பிடிடா என்றால், "பட்டி காயலை அத்தான்." கூட வேலை செய்கிறவர்கள் ஈரப்பட்டி என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அவனும் போகவில்லை, என்னையும் யாரும் போகச் சொல்லவில்லை. வயிறு எரியாதா?

அப்புறம் அதே ஆஸ்பத்திரியில் எங்களுக்கு வேலை வந்தது. ஆண்கள் வார்டில் கட்டில்களை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு நீலம் அடித்துக்கொண்டிருந்தோம். ஈரப்பட்டி ஏணி மேல். பிரஷ் ஓடினால் அவன் வாய் தானாகக் கீர்த்தனை முணுமுணுக்கும்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பஸ் டிரைவர். காலையிலிருந்து நர்சுகளை அதட்டிக்கொண்டிருந்த மனுஷன். அன்றைக்கு அவருக்கு இருதய ஆபரேஷன். கூட ஒரு சொந்தமும் இல்லை.

"பாட்டுக்காரரே, இறங்குங்க!"

"தூசி விழுதாய்யா?"

"தூசி கெடக்கட்டும். என்னை அறுக்கக் கூட்டிட்டுப் போகப் போறாங்க. சாமிகிட்ட எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க. பயமா இருக்கு."

மச்சினன் என்னைப் பார்த்தான். "அத்தான், உங்களுக்குத்தான் நல்லா வரும்."

நான் ஏற்கெனவே கையைத் துடைத்துக்கொண்டு வந்து தொண்டையைக் கனைத்தாகிவிட்டது.

"நீங்க இல்லண்ணே," என்றார் டிரைவர். "உங்களைப் பார்த்தா கூட்டத்துல பேசுற ஆள் மாதிரி இருக்கு. அவரு வரட்டும்."

வெளியே தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிடும் சத்தம்.

"ஐயா, எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது. இன்னும் பட்டி..."

"என்னய்யா பட்டி? வண்டி வந்துடுச்சு!"

ஏணியிலிருந்து குதித்தே விட்டான்! வந்த வேகத்தில் வலது கையை அப்படியே அவர் நெற்றியில் வைத்தான். கண்ணை மூடக்கூட இல்லை.

"ஆண்டவரே, இவருக்குப் பயமா இருக்கு. எனக்கும் பயமா இருக்கு. நீங்க கூடப் போங்க. ஆமென்."

அவ்வளவுதான். கையை எடுத்தால், டிரைவர் நெற்றியில் அஞ்சு விரலும் நீலமாகப் பதிந்திருக்கிறது!

நர்ஸம்மா கத்திய கத்தலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. "ஆபரேஷனுக்குப் போற ஆளு மேலயா வெள்ளையடிக்கிறீங்க?" ஈரத்துணியால் தேய்க்கத் தேய்க்க டிரைவர் சிரிக்கிறார். காலையிலிருந்து ஒருவரும் பார்க்காத சிரிப்பு. சிரித்துக்கொண்டே உள்ளே போனார். பிழைத்தும் வந்தார்!

அதற்குப் பிறகு அவனை ஏணியில் நிற்கவிட்டார்களா? இந்தக் கட்டிலில் கூப்பிடுகிறார்கள், அந்தக் கட்டிலில் கூப்பிடுகிறார்கள். வேலை முடிந்த பிறகும் ஞாயிறு தவறாமல் போனான். ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று, "பயமா இருக்கு அத்தான்," என்பான். சொல்லிக்கொண்டே உள்ளே போய்விடுவான்.

போன வாரம் வேறு ஊர் ஆஸ்பத்திரி ஒன்று முழுநேர ஊழியத்துக்கே அவனைக் கூப்பிட்டுவிட்டது. பஸ் ஏற்றிவிடப் போனேன். வண்டி நகர்கிற நேரத்தில் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தான்.

"அத்தான், பெண்கள் வார்டுல கடைசிக் கட்டில். ஒரு அம்மா காத்துக்கிட்டு இருக்காங்க. நாளைக்கு நீங்க போங்க."

மனப்பாடமாக வைத்திருந்த ஜெபம் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"நானாடா? என்ன சொல்றதுன்னே எனக்குத் தெரியலையேடா!"

பஸ்ஸோடு சேர்ந்து அவன் குரலும் நகர்ந்தது.

"அதையே சொல்லி ஆரம்பிங்க அத்தான்! கடைசிக் கட்டில், மறந்துடாதீங்க!"