மாமா கொடுத்துவிட்ட புறா

என் தாய்மாமா குருண் என்ற சின்னப் பட்டணத்தில் தையல்கடை வைத்திருந்தார். தொழில் தையல் என்பது பெயருக்குத்தான். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் தைக்கத் துணியே இருக்காது. மலாய்க்காரர் ஒருவர் காலையிலேயே வந்து, காய் நகர்த்தி ஆடும் டாம் பலகையை விரித்துவிடுவார். பக்கத்துச் சீனர் காப்பிக் கோப்பையோடு வந்து யார் தோற்கிறார்கள் என்று பார்ப்பார். நாங்கள் இருந்த ரப்பர் தோட்டம் அங்கிருந்து இரண்டு மைல். தோட்டத்து ஆட்கள் வந்துவிட்டால், திருவிழா நாடகத்தில் மாமா போடப்போகும் பெண் வேஷத்தைப் பற்றிப் பேச்சு நீளும். தீபாவளிக்குக் கொடுத்த சட்டை பொங்கலுக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம். "நாலு பேரு பக்கத்துல இல்லன்னா ஒன் தம்பிக்குச் சோறு எறங்காதுலா" என்று அப்பா அம்மாவைச் சீண்டுவார்.

இத்தனை பொழுதுபோக்கு இருந்தும் மாமாவின் உயிர் ஒரு மெர்போக்கிடம் இருந்தது. மெர்போக் என்பது உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னப் புறா. மலாய்க்காரர்கள் அதைக் கூண்டிலிட்டு, உயரமான கம்பத்தில் ஏற்றி, கூவ வைத்துப் போட்டி நடத்துவார்கள். மாமாவின் புறாவுக்கு ஒரு கிறுக்கு உண்டு. குஞ்சிலிருந்து கடையிலேயே வளர்ந்ததால், தையல் மிஷின் ஓடினால்தான் கூவும். அதனால் போட்டிக்குப் போகும்போது மாமா கைமிஷினையும் தூக்கிக்கொண்டு போவார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அப்புறம் புறா கூவும், சிரிப்பு அடங்கிவிடும்.

ஜப்பான்காரன் வந்த பிறகு துணி கண்ணில் படாமல் போயிற்று. மாமா கோணிச்சாக்கில் காற்சட்டை தைத்துக் கொடுத்தார்; போட்டவர்கள் சொறிந்துகொண்டே நடந்தார்கள். அடுத்து, சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். போனவர்கள் திரும்புவதில்லை என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. எங்கள் தோட்டத்தில் பன்னிரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், அதில் அப்பா பெயரும் இருக்கிறது என்று தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி அம்மாவிடம் மட்டும் ரகசியமாக வந்து சொன்னார். அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

ஆள் எடுக்கும் ஜப்பான் அதிகாரிக்குப் பறவைப் பைத்தியம். மாமா புறாவைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அப்பா பெயரை அடித்துவிட்டார்கள். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. எட்டு வயதுப் பிள்ளையின் வாயில் எது நிற்கும் என்று அப்போது என்னிடம் யாரும் சொல்லவில்லை.

அதிகாரி வீட்டில் புறா வாயே திறக்கவில்லை. ஏமாற்றிவிட்டான் என்று மாமாவைக் கூப்பிட்டு அறைந்திருக்கிறான். மறுநாள் காலையிலிருந்து மாமா கைமிஷினைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். அங்கே தைக்க ஒன்றுமில்லை. ஒரே தலையணை உறையைத் தைப்பார், பிரிப்பார், மறுபடியும் தைப்பார். புறா கூவும். அவன் கண்ணை மூடிக் கேட்பான். ஒரு நாள் போகாமல் இருந்தாலும் அடுத்த பட்டியலில் அப்பா பெயர் ஏறிவிடும்.

ஊருக்கு இது எங்கே தெரியும்? "புறாவக் குடுத்துக் காக்கா புடிக்கிறான்லா" என்றார்கள். போட்டுக் கொடுத்துவிடுவான் என்று பயந்து கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். டாம் ஆட வந்தவரும் வரவில்லை. மாமா தெருவில் போகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். காது கேட்காதது மாதிரிப் போய்விடுவார்கள். எனக்கு அப்போது வெட்கமாக மட்டும்தான் இருந்தது.

எங்கள் லயத்தில், சுவர் ஒட்டிய பக்கத்து வீட்டில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் அப்பாவைச் சயாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். "ஒங்க மாமா ஜப்பான்காரன் ஆளு, ஒங்கூட சேர மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். எனக்கு இருந்ததே அவள் ஒருத்திதான்.

தீபாவளியன்று மாமா எனக்கு ஒரு கவுன் கொண்டுவந்தார். அதிகாரி வீட்டில் கிழித்துப் போட்ட ஜன்னல் திரையில் தைத்தது. மஞ்சள் பூ போட்டிருந்தது. தோட்டத்தில் அந்த வருடம் யாருக்கும் புதுத்துணி கிடையாது. எனக்குக் கை பரபரத்தது. ஆனால் வாசலில் அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாளே.

"எனக்கு வேணாம். நீங்க ஜப்பான்காரன் ஆளு" என்று கவுனை மண்ணில் வீசினேன்.

அதுவரை அப்பா என்னை அடித்ததில்லை. அன்று விட்ட அறையில் காது கொய்யென்றது. மறுபடி ஓங்கிய கையை மாமா பிடித்துக்கொண்டார்.

"விடுங்க மச்சான். சின்னப் புள்ள, அதுக்கு என்னா தெரியும்?"

"ஊருக்கே சொல்லிடறேன் மாப்ளே. எத்தன நாளைக்குத்தான் நீ இப்படிப் பேச்சு வாங்குவே?" அப்பாவுக்குக் குரல் உடைந்தது. அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

மாமா வாசல் பக்கம் பார்த்தார். "வேணாம் மச்சான். சொல்லக் கூடாது" என்றார்.

குனிந்து கவுனை எடுத்து மண்ணைத் தட்டினார். வாசலில் நின்றவளிடம் போய், "நீ போட்டுக்கம்மா" என்று அவள் கையில் வைத்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா எனக்கு விவரம் சொன்னபோது எனக்கே கல்யாணமாகியிருந்தது. பன்னிரண்டு பேர் என்றால் பன்னிரண்டு பேரைக் கொடுத்தாக வேண்டுமாம். அப்பா பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் அப்பா பெயரை எழுதியிருக்கிறார்கள். ஆட்களை ஏற்றிக்கொண்டு லோரி போன பிறகுதான் மாமாவுக்கே அது தெரிந்ததாம். தன்மேல் விழுந்த பழியைத் துடைக்க அவர் வாயைத் திறந்திருந்தால், பக்கத்து வீட்டுக்கும் அது தெரிந்துபோயிருக்கும். அவள் அப்பா திரும்பவேயில்லை. என் அப்பா பேரன் பேத்தி எடுத்தார்.

அன்று எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. எனக்கென்று தைத்த கவுனை எவளுக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாரே என்று, தீபாவளி முழுக்க மாமாவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.