மூடியில்லாத கண்ணாடி ஜாடி

மதுரை கே.கே. நகர் வீட்டுக்குக் குடிவந்ததும் நான் முதலில் வாங்க நினைத்தது சோபா இல்லை, ஹால் மேஜையில் வைக்க ஒரு தண்ணீர் ஜாடி. போனில் தேடியபோது அதற்கு கராஃப் என்று பெயர் போட்டிருந்தது. என் கணவர் சிரித்தார். கேனில் பிடித்துத் தம்ளரில் கொடுத்தால் யார் தொண்டையில் இறங்காதாம்? அதைத்தான் நானும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

என் அப்பாவும் அம்மாவும் திருமங்கலம் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். அங்கே அவர்களுக்குத் தண்ணீர் உயரத்திலிருந்து கையில்தான் ஊற்றப்படும். அந்த வயல்காரர்கள் எப்போதாவது எங்கள் வாசலுக்கு வந்தால், நாங்கள் மொண்டு கொடுப்பதைத் தொடமாட்டார்கள். இப்போதுதான் குடித்தேன் என்பார்கள். கடையில் வாங்கிய சீல் பாட்டில் என்றால் மட்டும் கை நீளும். அதைக் கவனித்த நாளிலிருந்து யார் வந்தாலும் அம்மா சீல் பாட்டிலைத்தான் நீட்டுவார். அப்பா போனபின் என்னோடு வந்துவிட்டார். பழக்கமும் கூடவே வந்துவிட்டது. பிரிட்ஜ் கதவில் பாட்டில்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தல்லாகுளத்தில் என் ஆபீஸ். அங்கே அவரவர் பாட்டில் அவரவர் மேஜையில். பல வருஷம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டும், எங்கள் வீட்டுத் தண்ணீரை யார் குடிப்பார், யார் மாட்டார் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. அப்போதுதான் பக்கத்து மேஜை அக்கா, மகள் கல்யாணப் பத்திரிகையோடு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். ஆபீஸிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தவர் அவர்தான். பிடித்தவர் என்பதால்தான் பயம். குடிக்காமல் போனால் திங்கட்கிழமை எந்த முகத்தோடு பக்கத்தில் உட்காருவேன்?

அம்மாவையும் கூட்டிக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போனேன். நீலக் கண்ணாடி ஒன்று பார்க்க ஜோராக இருந்தது. ஆனால் உள்ளே இருப்பது தண்ணீரா வேறெதுவா என்று தெரியவில்லை. செம்பில் ஒன்று, அதுவும் மூடுமந்திரம். இன்னொன்றின் கழுத்து இத்தனூண்டு, உள்ளே கைவிட்டுக் கழுவ முடியாது. கடைசியில் இடுப்புச் சிறுத்து, வாய் பூப்போல் விரிந்த ஒன்றை எடுத்தேன். ஊற்றிப் பார்த்துத்தான் வாங்குவேன் என்றேன். விற்பனைப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள். கழுத்தில் ஒழுகாமல், தரையில் சிந்தாமல் அழகாக விழுந்தது.

அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூடி இல்லையே தாயி. தொறந்து கெடந்தா எப்படிக் குடிப்பாக?"

"தொறந்துதான்மா கெடக்கணும்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஜாடியை நிரப்பி, பக்கத்தில் கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்துவைத்தேன். அக்கா மணி அழுத்தியதும் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பினால், ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு சீல் பாட்டிலும் நிற்கிறது. அம்மாவின் வேலை. எடுத்து ஒளிக்க நேரமில்லை. ஒருவிதத்தில் அதுவும் நல்லதுதான், பார்த்துவிடுவோம் என்று தோன்றியது.

அக்கா உட்கார்ந்தார், வெயிலைத் திட்டினார், பத்திரிகையை நீட்டினார். நான் ஜாடியிலிருந்து ஊற்றிக் கொடுத்தேன். குடித்தார். எனக்கு மூச்சு வந்தது, உடனே சந்தேகமும் வந்தது. ஒரு தம்ளர் மரியாதைக்காகவும் குடிக்கலாம் அல்லவா? அவர் மண்டபம் கிடைக்காத கதையைச் சொல்ல, என் காது அங்கே, கண் தம்ளரில். பேச்சோடு பேச்சாக, பார்க்கக்கூட இல்லை, அக்காவின் கை ஜாடியைத் தேடிப் பிடித்தது. அவரே ஊற்றிக்கொண்டார். பாட்டிலை இடைஞ்சல் என்று ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, சமையல்காரர் கேட்ட முன்பணக் கதைக்குத் தாவிவிட்டார்.

அவர் கிளம்பியதும் அடுப்படிக்குப் போனேன். அம்மா கதவோரம் நின்றிருந்தார்.

"அவுகளேவா எடுத்து ஊத்துனாக?"

"ஆமாம்மா. ரெண்டாந்தரம்."

அம்மா ஹாலுக்கு வந்து சோபா இல்லாத தரையில் உட்கார்ந்தார். ஓரத்தில் கிடந்த பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப இத நான் குடிக்கவா?"

மூடியைப் பிடித்து மேலே இழுத்தார், பல்லால் கடித்துப் பார்த்தார். வரவில்லை. அப்புறம் என்னிடம் நீட்டினார்.

"இத எப்படித் தொறக்கணும்? இம்புட்டு நாளும் வாரவுகதான தொறப்பாக."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. திருகிக் கொடுத்தேன். அண்ணாந்து ஒரு மடக்கு குடித்தவர் முகத்தைச் சுளித்தார்.

"சீச்சீ, ஒரு ருசியுமில்ல. இதையும் அந்த ஜாடியில ஊத்து."