நாலாம் டேபிளுக்குத் திட்டு

முதியோர் இல்லத்தில் அவருக்கு வைத்த பெயர் 'நாலாம் டேபிள்'. வாழ்நாள் முழுக்க ஓட்டலில் பரிமாறியவர். இப்போது பெற்ற மகளின் முகம்கூடச் சில நாள் மறந்துவிடுகிறது. ஆனால் சாப்பாட்டு வேளை வந்தால் போதும், எழுந்து நின்று, "நாலாம் டேபிளுக்கு என்ன சார் வேணும்?" என்று ஆரம்பித்துவிடுவார். பிடித்து உட்கார வைத்தால் எழுந்துகொள்வார். ஊட்டப் போனால் வாயைப் பூட்டிக்கொள்வார். ஆள் துரும்பாய் இளைத்துவிட்டார். இன்னும் எடை குறைந்தால் மூக்கில் குழாய் போட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவரைக் கவனித்துக்கொள்ளும் பெண் அந்தக் குழாயை எப்படியாவது தவிர்த்துவிடப் பார்த்தாள். பழசை நினைவுபடுத்தினால் பெரியவர்கள் வழிக்கு வருவார்கள் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர் தோளில் ஒரு துண்டைப் போட்டு, கையில் கரண்டியைக் கொடுத்தாள். அடேயப்பா! மனிதர் பம்பரமாய்ச் சுழன்றார். கேட்டவருக்கும் போட்டார், வேண்டாம் என்றவருக்கும் போட்டார். தனக்கு மட்டும் ஒரு வாய்கூட இல்லை. அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

மகளுக்குப் போன் போட்டு, "அப்பா ஓட்டல்ல எங்க உட்கார்ந்து சாப்பிடுவாரு?" என்று கேட்டாள்.

மகள் சிரித்தாள். "உட்கார்றதாவது! கடைசி ஆள் எழுந்தப்புறம் அடுப்படியில நின்னுக்கிட்டேதான். சமையல் மாஸ்டர் திட்டிக்கிட்டே போடுவாரு. திட்டு விழலைன்னா அப்பாவுக்குச் சாப்பாடு இறங்காது. வீட்டுல, அம்மா இருந்த வரைக்கும் அந்தக் குறையே இல்லை."

இல்லத்துச் சமையல்காரரோ வாயில்லாப் பூச்சி. பூனை பாலைக் குடித்தாலும் அதற்காகப் பரிதாபப்படுகிறவர். அவள் கெஞ்சிக் கூத்தாடியதில் திட்டுவதற்கு ஒப்புக்கொண்டார். மறுநாள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின், பெரியவரை அடுப்படிக்குக் கூட்டிவந்தாள்.

"டேய்... ஐயா... தயவுசெஞ்சு தின்னுங்க," என்றார் சமையல்காரர்.

பெரியவர் தட்டைத் தொடவில்லை. நிதானமாகச் சாம்பார் பாத்திரத்தின் மூடியைத் திறந்து, ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தார். "உப்பில்லை மாஸ்டர். நாலாம் டேபிள்ல திருப்பி அனுப்பிட்டாங்க."

சமையல்காரருக்குச் சுருக்கென்றது. "எதுல உப்பில்லை? காலையிலிருந்து அடுப்புல வெந்துக்கிட்டிருக்கேன், குறை சொல்ல வந்துட்டியா! உன் பங்கைக் கொட்டிக்கிட்டு இடத்தைக் காலி பண்ணுய்யா!"

பெரியவரின் முகம் மலர்ந்துவிட்டது. "கோவிச்சுக்காதீங்க மாஸ்டர்," என்று தானாகவே தட்டை எடுத்தார். சுவரில் சாய்ந்து நின்றபடி, பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சமையல்காரரோ, "பெரிய மனுஷனைப் போய் இப்படிப் பேசிட்டேனே," என்று அவரிடம் ஓடப் பார்த்தார். அவள் சமையல்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணே, மன்னிப்பு மட்டும் கேட்டுடாதீங்க. நாளைக்குப் பட்டினி கிடப்பாரு."

சமையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கரண்டியை எடுத்தார். "என்னய்யா முழிக்கிறே? இந்தா, இதையும் கொட்டிக்கோ!"