கணக்கில் வராத ரேடியோ

இந்த வட்டாரத்தில் வண்டி வயரிங் என்றால் என்னைத்தான் கேட்பார்கள். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன் நான்; இன்று சொந்தக் கட்டடத்தில் கடை வைத்திருக்கிறேன். இருக்கட்டும், இது என் கதையல்ல. ரேடியோக்காரர் என்று எல்லோரும் கூப்பிடும் டாக்சி ஓட்டுநரின் கதை.

ஓர் அலுவலகத்து ஆட்களைக் காலையில் இறக்கிவிட்டு மாலையில் ஏற்றிப்போவது அவர் வேலை. இடையில் வீட்டுக்குப் போகமாட்டார். மனைவி தவறிய பிறகு அங்கே பேச ஆளில்லை. வண்டியிலேயே உட்கார்ந்து ரேடியோ கேட்பார்.

ஒரு நாள் வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்.

"ஆளுங்கள ஏத்திட்டு மறுபடி ஸ்டார்ட் ஆகலண்ணே. இன்னொரு தடவை நின்னா வேற வண்டி பாத்துக்கறோம்னுட்டாங்க."

"பேட்டரி?"

"புதுசுதான். ஆல்டர்னேட்டரும் நல்லாருக்குங்கறாங்க."

"அவங்க சொல்லிட்டாங்க. நான் இன்னும் சொல்லலியே."

பானெட்டைத் திறந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. இந்தக் காலத்து வண்டியில், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் எந்நேரமும் கரண்டு தராது. தந்தால் எஞ்சினுக்குச் சுமை, பெட்ரோலும் கூடுதலாக எரியும். அதனால் வேகம் பிடிக்கும்போது வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் அதற்கு ஓய்வு கொடுக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டி உருளும்போது வேலை வாங்கும். பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று, நெகட்டிவ் முனையில் மாட்டிய சின்ன சென்சாரை வைத்துக் கணக்குப் போடும். இவரோ ஒரு பழைய ரேடியோவின் எர்த் வயரை, அந்த சென்சாரை விட்டுவிட்டு நேராகப் பேட்டரி முனையில் முறுக்கியிருந்தார்.

"வண்டியிலயே ரேடியோ இருக்கே, இது எதுக்கு?"

"அது எஞ்சினை அணைச்சா கொஞ்ச நேரத்துல தானா நின்னுடுதுண்ணே. இது நிக்காது."

"இது நிக்காது, வண்டி நிக்கும். நீ நாள் பூரா கேக்கறது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பேட்டரி நெறஞ்சிருக்குன்னு ஆல்டர்னேட்டரை உக்கார வச்சிருக்கு. சொந்த வீட்லயே திருட்டுக் கரண்டு எடுத்திருக்கியேப்பா."

சிரித்தார். சத்தம் வரவில்லை.

வயரை அவிழ்த்து வண்டியின் பாடி போல்ட்டில் மாட்டினேன்.

"இனிமே கணக்குல வரும். ஆனா எஞ்சினை அணைச்சுட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல கேக்காதே."

"அதுக்கப்புறம்?"

"அணைச்சுடு."

"அணைச்சுட்டு என்னண்ணே பண்றது?"

வயரிங்கில் என்னை மடக்குகிறவன் இன்னும் பிறக்கவில்லை. இது வயரிங் இல்லையே. ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் போட்டேன்.

வண்டி அப்புறம் நிற்கவில்லை, வேலையும் போகவில்லை. மத்தியானத்தில் அந்த அலுவலகப் பக்கம் போனால் யாரும் பார்க்கலாம். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ரேடியோவை அணைத்துவிட்டு, ஆட்கள் வெளியே வரும் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.