இது எந்தப் பயிற்சிக் கணக்கு?

ஒவ்வொரு மே மாதமும் எங்கள் பள்ளி வாசலில் ஒரு ஃபிளெக்ஸ் கட்டுவார்கள். கணக்கில் நூற்றுக்கு நூறு எடுத்த பிள்ளைகளின் பாஸ்போர்ட் படங்களை இழுத்துப் பெரிதாக்கி, ஸ்ரீரங்கம் வரும் பஸ்களைப் பார்த்தபடி நிறுத்திவிடுவார்கள். பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுப்பவள் நான் என்பதால் அந்த வாரம் முழுக்க எனக்கு வாழ்த்து வரும். காய்கறிக்கடையில்கூட சொல்வார்கள். சிரித்து வைப்பேன், உள்ளுக்குள் எரிச்சலாக இருக்கும்.

எரிச்சலுக்குக் காரணம் உண்டு. எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்கு என்றால் புத்தகத்தில் அதன் பயிற்சி எண்தான். 'ஏழு புள்ளி எட்டில் நாலாவது' என்று காலைத் தேர்வில் சொன்னால் போதும், கேள்வியை முழுதாகப் படிக்காமலே பேனா ஓடத் தொடங்கிவிடும். புத்தகத்தின் கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கைக்குப் பழக்கிவிட்டால் நூறு வந்துவிடும். ஒரு அரையாண்டுத் தேர்வில், புத்தகத்தில் இல்லாத ஒரே ஒரு கணக்கைக் கொடுத்தேன். மறுநாள் பெற்றோர்கள் வந்து நின்றார்கள். அடுத்த தேர்விலிருந்து பள்ளியில் கேள்வித்தாளை வெளியிலிருந்து வாங்கினார்கள். ஒவ்வொரு ஆசிரியர் கூட்டத்திலும் இதைப் பேசுவேன். முதலில் ரிசல்ட் வரட்டும் என்பார்கள். ரிசல்ட் வந்த பிறகு ஃபிளெக்ஸ் வரும், பேச்சு அதோடு முடிந்துவிடும்.

அப்படி ஃபிளெக்ஸில் நின்ற ஒரு பெண், பொங்கல் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தாள். லால்குடிப் பக்கம் நெல் விவசாயம் செய்கிற வீட்டுப் பிள்ளை. பள்ளிக்கூடத்துக்கு ரயிலில் வந்து போனவள், இப்போது இன்ஜினியரிங் முதல் வருடம். முதல் செமஸ்டரில் மற்ற எல்லாம் பாஸ், கணக்கில் மட்டும் அரியர் என்று தரையைப் பார்த்தபடி சொன்னாள். அழவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள் என்று முகம் சொன்னது.

என்னதான் சிக்கல் என்று பார்க்க, ஒரு கணக்கைச் சொன்னேன். வாய்க்கால் கரையோரம் நீள்சதுரமாக ஒரு நாற்றங்கால். வாய்க்கால் பக்கம் வேலி வேண்டாம், மற்ற மூன்று பக்கத்துக்கும் கையில் இருக்கிற வேலியை வைத்து அடைக்க வேண்டும். எப்படி அடைத்தால் இடம் அதிகமாகக் கிடைக்கும்? அவர்கள் புத்தகத்தில் உள்ள கணக்குதான். ஆற்றை வாய்க்காலாகவும் மேய்ச்சல் நிலத்தை நாற்றங்காலாகவும் மாற்றியிருந்தேன், அவ்வளவே.

தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இது எந்த எக்சர்சைஸ் மிஸ்?"

நீயே போட்டுப் பார் என்றேன். அவள் பேனாவை மூடித் திறந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். காலேஜிலும் இப்படித்தான் ஆகிறது என்றாள். சார் போர்டில் கணக்கை எழுதியதும் மற்றவர்கள் ஆரம்பித்துவிடுகிறார்களாம். இவள் மட்டும் அது எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டிருப்பாளாம். சரி போகட்டும் என்று பயிற்சி எண்ணைச் சொன்னேன். அடுத்த நிமிடமே மளமளவென்று போட்டு, பிசகே இல்லாமல் விடையின் கீழ் கோடிழுத்தாள். அவள் தெரியாமல் விழித்தபோது வராத பயம் எனக்கு அப்போதுதான் வந்தது. நாற்றங்கால்களுக்கு நடுவே வளர்ந்த பெண், அந்தக் கணக்குக்குள் ஒரு நாற்றங்காலைப் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் வந்தாள். நான் பெரிதாக எதுவும் சொல்லித்தரவில்லை. பாடங்களைக் கலந்து, எண் இல்லாமல் கணக்குக் கொடுத்துவிட்டுச் சமையலைப் பார்க்கப் போய்விடுவேன். முதலில் எல்லாம் எதையாவது எழுதிவிட்டுப் பரபரவென்று அடித்துவிடுவாள். அடிக்காதே என்று ஒருநாள் கத்தியே விட்டேன். பிறகு படம் போட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு ஞாயிறு இரண்டு வழியில் முயன்று இரண்டிலும் தோற்றாள். ஆனால் இரண்டாவது வழி ஏன் தப்பு என்று நான் கேட்காமலே சொன்னாள். எனக்கு அன்று இருந்த சந்தோஷம் எந்த மே மாதத்திலும் இருந்ததில்லை. முன்பின் தெரியாத கணக்கின் முன்னால் ஓடாமல் உட்கார முடிகிற பிள்ளைதான் காலேஜுக்குத் தயாரான பிள்ளை என்பது என் எண்ணம். இதை எந்த ஃபிளெக்ஸிலும் போட முடியாது.

அடுத்த ஞாயிறு அவள் அப்பாவும் கூட வந்தார். அறுவடைக்கு நடுவில் கிளம்பி வந்திருந்தார். போன வாரம் முழுவதும் மகளைக் காலேஜுக்கு அனுப்பவில்லை என்று அவரே சொன்னார். டி.சி.யை வாங்கி, பக்கத்தில் ஏதாவது ஒரு காலேஜில் பி.காம். சேர்த்துவிடலாம் என்று இருக்கிறாராம். என் சம்மதத்தை மட்டும் கேட்டுக்கொண்டு போக வந்திருந்தார். காலேஜில் ஒழுங்காகப் பாடம் நடத்துவதில்லை என்பது அவர் கட்சி.

"நூத்துக்கு நூறு வாங்குன புள்ளைங்க இது. அங்க போய் எப்படிங்க ஃபெயிலாகும்?"

நான் சொன்னேன். எண்ணைச் சொன்னால் போடுவதும், எண் இல்லாமல் யோசிப்பதும் வேறு வேறு என்று என்னால் முடிந்த அளவு பதமாகச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"அப்ப அந்த நூறு பொய்யாங்க டீச்சர்?"

பொய் என்றால், விடியுமுன் எழுந்து அவள் ரயில் பிடித்த காலைகளை எல்லாம் நானே அவமதித்தது போலாகும். பொய் இல்லை என்றால், இத்தனை வருடமாக நான் கூட்டத்துக்குக் கூட்டம் கத்தியதற்கு அர்த்தமில்லை.

மகள்தான் பேசினாள்.

"பொய் இல்லப்பா. நான் படிச்சுத்தான் வாங்குனேன். ஆனா அப்ப எனக்குக் கணக்கு தெரியாது. இப்பதான் தெரிய ஆரம்பிச்சிருக்கு. இப்பப் போயி நிறுத்தாதீங்கப்பா."

"மறுபடியும் போச்சுன்னா?"

"போனா மறுபடியும் எழுதுவேன்."

அந்த நூறுக்குத் தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்த மனிதர் அவர். ஃபெயிலாவதைப் பற்றித் தன் பிள்ளை இத்தனை நிதானமாகப் பேசுவாள் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, என்னைப் பார்க்காமல் மகளிடம் கேட்டார்.

"நாளைக்குக் காலேஜ் பஸ்ஸு எத்தனை மணிக்கு வரும்?"