நீல மூடி

ஐம்பது வயதுவரை வீரம்மாவுக்கு எழுத்து தேவைப்படவில்லை. நீல மூடி போட்ட புட்டி தரைக்கு, சிவப்பு மூடி கழிவறைக்கு. பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகக் கட்டடத்தை அந்த இரண்டு நிறங்களை நம்பியே துடைத்து வந்தாள். மற்றதையெல்லாம் ஜோடியாக வேலை செய்த இராஜம்மா வாசித்துச் சொல்வாள். இராஜம்மாவுக்கு முட்டி வலி. குனிந்து தேய்ப்பது வீரம்மாவின் பங்கு.

துடைக்கும் மருந்து அனுப்பும் கம்பெனி ஒருநாள் மூடிகளை மாற்றிவிட்டது. இராஜம்மா அன்று லீவு. நீல மூடியைத் திறந்து, கழிவறை அமிலத்தை முன்கூடத்துப் பளிங்கில் ஊற்றிவிட்டாள் வீரம்மா. கல் வெந்து வெளுத்தது.

"மூணு மாசத்துல லேபல் படிக்கணும் ஆன்டி, இல்லாட்டி கிளம்புங்க லா" என்றான் சூப்பர்வைசர் லோகன். "கல்ல மாத்துறதவிட, படிக்க கிளாஸ் வைக்கிறது மலிவுன்னு பாஸ் சொல்லிட்டாரு."

வீட்டில் கணவன் பக்கவாதத்தில் கிடந்தான். வேலை போனால் அவனுக்கு மருந்தில்லை. வாரம் ஒரு வகுப்பு போதவில்லை. கிள்ளானிலிருந்து வரும் ரயிலில், ஸ்டேஷன் பலகைகளைக் காட்டி இராஜம்மாவே வாத்தியாரானாள்.

"பா-டாங் ஜா-வா. தெனமும் பார்க்கிற, இன்னும் முழிக்கிறியே. மாட்டுக்குக்கூட கொட்டகை தெரியும்டி."

"மாட்ட எவனும் படிக்கச் சொல்லலியே!"

பெட்டியே திரும்பிப் பார்க்கச் சிரித்தார்கள்.

தேர்வன்று லோகன் மூடியில்லாத புட்டிகளை நீட்டினான். வீரம்மா வியர்த்துக்கொண்டே, ஒன்று விடாமல் வாசித்தாள். எல்லாரையும்விட பலமாகக் கைதட்டியது இராஜம்மா.

"சூப்பர் ஆன்டி. இனி படிக்க ஒருத்தர், துடைக்க ஒருத்தர் எதுக்கு? மாடிக்கு ஒரு ஆள் போதும்." லோகன் இராஜம்மா பக்கம் திரும்பினான். "நீங்க இந்த வாரத்தோட ரெஸ்ட் எடுங்க. முட்டிக்கும் நல்லது."

"எனக்குப் படிக்கத் தெரியுமே, தம்பி."

"இப்ப அவங்களுக்கும் தெரியுதே."

வகுப்புக்குப் போட்ட காசு வருடம் முடிவதற்குள் திரும்பிவிடும் என்று முதலாளிக்கு மகிழ்ச்சி. பங்சார் கட்டடத்திலும் வகுப்பு தொடங்கச் சொன்னார்.

அன்று மாலை ரயிலில் இருவரும் வழக்கம்போல் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள். வீரம்மா ஏதாவது சொல்வாள் என்று இராஜம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். 'அவ இல்லாம நானும் வரமாட்டேன்' என்று லோகனிடம் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்கிறேன் என்றாவது இப்போது சொல்லலாம்.

வீரம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கிள்ளான் வரும்வரை ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் வாய்க்குள் வாசித்துக்கொண்டே வந்தாள்.