ஏழு கோட்டுப் பற்றறியும் நயினாதீவு நேர்த்தியும்

மகள் மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது மூச்சு இழுப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நயினாதீவு அம்மனுக்கு அப்போது வைத்த நேர்த்தியை, அவளுக்கு இரண்டரை வயதாகும் இந்த ஆடியில்தான் போய் நிறைவேற்றினோம். இவ்வளவு பிந்தியதற்கு ஒரே காரணம் எங்களுடைய கார்.

பஸ்ஸில் போயிருக்கலாமே என்பீர்கள். போயிருக்கலாம்தான். ஆனால் வீட்டில் காரை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனால் காருக்கு என்ன வருத்தம் என்று நாலு பேர் கேட்பார்கள். இவருக்கு (என் கணவருக்கு) அந்தக் கேள்வி பிடிக்காது.

பெற்றோலுக்கு வரிசையில் நின்று வெறுத்துப்போன காலத்தில் வாங்கிய பழைய ஜப்பான் மின்சாரக் கார் அது. பற்றறி எவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறது என்று காட்ட முன்னால் பன்னிரண்டு சின்னக் கோடுகள் உண்டு. வாங்கும்போது பத்து இருந்தது, இப்போது ஏழு. புதுப் பற்றறி போடும் காசுக்கு இன்னொரு பழைய கார் வாங்கலாம். நகரத்தில் காட்டிய இரண்டு கராச்சிலும் "பற்றறியை நாங்கள் கழட்ட மாட்டம், தம்பி" என்று சொல்லிவிட்டார்கள். இதே மாதிரிக் கார் வைத்திருக்கும் பலர் எனக்கு எழுதுகிறீர்கள். விற்கவும் ஏலாது, நம்பவும் ஏலாது என்ற அந்த நிலை எனக்கு நன்றாகவே விளங்கும். இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு யாழ்ப்பாணத்தில் வெளிக்கிட்டோம். சார்ஜ் நூறு வீதம், 68 கிலோமீற்றர் ஓடும் என்று காட்டியது. நயினாதீவுக்குப் படகு ஏறும் குறிகட்டுவான் இறங்குதுறைக்குச் சற்று முன்னால், புங்குடுதீவில் இவருடைய மாமியின் (அப்பாவின் தங்கையின்) வீடு இருக்கிறது. அது எங்கள் வாசலிலிருந்து 27 கிலோமீற்றர். காரை அங்கே விட்டு, சார்ஜில் போட்டு, மிச்சத் தூரத்தை ஆட்டோவில் போவதாகத் திட்டம். போக வர 54. கடதாசியில் பார்த்தால் சார்ஜ் போடாமலே வந்துவிடலாம்.

பண்ணைப் பாலத்தில் ஏறியதுமே காற்று முகத்தில் அடித்தது. ஆடியில் சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து வரும், தீவுகளுக்குப் போகும் பாதையும் தென்மேற்கேதான் போகிறது. அல்லைப்பிட்டியைத் தாண்டும்போது யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல இருந்தது. மகளுக்குப் புழுதி ஆகாது என்று நான் ஏசியை நிறுத்த விடவில்லை. வேலணையில் 70 வீதம். புங்குடுதீவுக்குப் போகும் கடல் தெருவில், இரண்டு பக்கமும் தண்ணீர், நிழலுக்கு ஒரு மரமில்லை, எண் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் கடலைப் பார்க்கவே இல்லை. மகள்தான் பார்த்து "கொக்கு, கொக்கு" என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

மாமி வீட்டு வாசல் படலையடியில் 42 வீதம்.

மாமி தனியாக இருக்கிறா. பிள்ளைகள் இருவரும் பிரான்சில். வீட்டின் முன்னறையில் சின்னக் கடை நடத்துகிறா, கதை கடையை விடப் பெரியது.

"வாடா மருமோனே. நாலு வருசமா உன்ர காரின்ர படத்தைத்தான் பாக்கிறன். சத்தமே இல்லாமல் வந்து நிக்குது, கள்ளன் மாதிரி."

"கொஞ்சம் சார்ஜ் போட வேணும், மாமி."

"அதுக்கென்ன, போடு. கரண்ட் கனக்க இழுக்குமோ?"

இந்த இடத்தில்தான் எல்லாம் பிழையாய்ப் போனது. மாமியின் கரண்ட் பில்லை ஏற்றிவிடுவோம் என்று இவருக்குக் கூச்சம். காசு தாறம் என்று சொன்னால் மாமிக்குக் கோபம் வரும், சொல்லாமல் விட்டால் இவருக்கு மனம் கேட்காது. அதனால் சிரித்துக்கொண்டு, "சீச்சீ, போன் சார்ஜ் போடுற மாதிரித்தான், மாமி" என்றார். அது போன் மாதிரி இல்லை என்று எனக்குத் தெரியும். வீட்டில் அந்த பிளக்குக்கென்று தடித்த வயர் இழுத்துத் தனி பொயின்ற் போட்டிருக்கிறோம். ஆனால் வந்த வாசலில் நின்று மாமிக்கு முன்னால் இவரைத் திருத்த எனக்கும் வாய் வரவில்லை. குசினியிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் வயரை யன்னலால் இழுத்துக் கொடுத்தோம். பச்சை வெளிச்சம் எரிந்தது. போய்விட்டோம்.

இறங்குதுறைக்கு ஆட்டோ பத்து நிமிடம். படகுக்கு ஆளுக்கு நூறு ரூபா வாங்கினார்கள், மகளுக்கு இல்லை. கடல் கொந்தளிப்பு. சின்னப் பிள்ளைக்கு அளவான உயிர்காப்பு அங்கி எல்லாப் படகிலும் இருக்காது, கேட்டுப் பார்த்து ஏறுங்கள். நான் கேட்டுவிட்டு அடுத்த படகுக்கு நின்றேன். இருபது நிமிட ஓட்டம். திருவிழா முடிந்திருந்ததால் கோயிலில் நெரிசல் இல்லை. அர்ச்சனை செய்து, மகளை அம்மன் முன்னால் வைத்துக் கும்பிட்டு, அன்னதானமும் சாப்பிட்டோம். இரண்டேகால் வருடத்துக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது. அந்த லேசு மாமி வீட்டுப் படலை வரைக்கும்தான்.

குசினி யன்னல் கதவெல்லாம் திறந்து கிடந்தது. எரிந்த பிளாஸ்ரிக் மணம். மாமி முற்றத்தில் காருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, ஆஸ்பத்திரியில் வருத்தக்காரரைப் பார்த்துக்கொண்டிருப்பவ மாதிரி இருந்தா. எங்களைக் கண்டதும் எழும்பினா.

"தம்பி, நான்தான் பிழை விட்டிட்டன். வெயிலுக்க வருவியளே, சோடா குளிரட்டும் எண்டு பிரிட்ஜையும் அதே வயரில குத்தினனான். பிறகு ஒரு மணம். போய்ப் பாத்தா பிளக் உருகி புகை வருது. மெயினை நிப்பாட்டிட்டன். உன்ர காருக்கு ஏதும் நடந்திட்டுதோ? எவ்வளவு விலையான சாமான்."

குசினியைப் போய்ப் பார்த்தேன். சுவர் ஒரு சாண் அகலத்துக்குக் கறுத்திருந்தது. அதற்கு நேர் மேலே பனையோலைப் பெட்டிகள் அடுக்கிய தட்டு. மாமி கடையில் ஆட்களோடு கதைத்துக்கொண்டு இருந்திருந்தால்?

"மாமி, நீங்கள் பிழை விடேல்ல" என்று இவர் மெல்லச் சொன்னார். "போன் மாதிரி எண்டது பொய். ஒரு தண்ணி மோட்டரையும் இஸ்திரிக்கையையும் ஒண்டாப் போட்ட மாதிரி இழுக்கும். உங்களுக்குப் பாரமா இருக்குமெண்டு வெக்கத்தில சொன்னனான்."

"விசரன். பில் கூடினா நான் பிள்ளையளிட்ட கேட்பன். வீடு எரிஞ்சா ஆரிட்டக் கேக்கிறது?" என்றா மாமி. பிறகு, "சோடா குளிரேல்ல. அப்பிடியே குடியுங்கோ."

காரில் 55 வீதம். காலையில் 27 கிலோமீற்றருக்கு 58 வீதம் போயிருந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால், நகரம் கண்ணுக்குத் தெரியத் தெரியப் பண்ணைப் பாலத்தில் கார் நின்றுவிடும். தண்ணி மோட்டர் பொயின்றில் ஒரு மணித்தியாலம் போட்டுப் பார்ப்போமா என்று இவர் கேட்டார். வேண்டாம் என்றேன். உள்ளே வயர் எப்படி இருக்கிறதென்று தெரியாத வீடு, தனியாக இருக்கிற மனுசி. இரவு நில்லுங்கோ என்று மாமி மறித்தா. மகளின் இழுப்பு மருந்து ஒரு நாளுக்குத்தான் கொண்டு வந்திருந்தேன். முற்றத்தில் நின்று யோசித்தபோது என் சேலைத் தலைப்பு படலைப் பக்கம், நகரத்துப் பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது. காற்று இனி எங்களுக்குப் பின்னால்.

ஏசியை நிறுத்தினோம். நாற்பதுக்கு மேலே ஓடவில்லை. பின்காற்றில் யன்னலைத் திறந்தும் உள்ளே காற்று வரவில்லை, மகளுக்கு நான் விசிறிக்கொண்டே வந்தேன். ஒரு பஸ் பின்னால் வந்து கோர்ன் அடித்துத் தீர்த்தது. கடல் தெருவைக் கடந்தபோது 45. வேலணையில் 37. இவர் எண்ணை வாய்விட்டுச் சொல்வதை நிறுத்தச் சொன்னேன், பிறகு நானே எட்டிப் பார்த்தேன். அல்லைப்பிட்டியில் 24. பண்ணைப் பாலத்தில் மகள் நித்திரையாகிவிட்டாள், அப்போதுதான் அன்றைக்குக் காரிலிருந்து முதல்முறையாகக் கடலைப் பார்த்தேன். வீட்டு வாசலில் 14 வீதம்.

பழைய மின்சாரக் காரில் தீவுப்பக்கம் போக நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கார் காட்டும் தூரத்தை நம்பாதீர்கள், அதற்குக் காற்று தெரியாது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை போகும்போதுதான் கனக்கக் குடிக்கும், பாதி தீர்ந்தால் பயப்படத் தேவையில்லை, ஆனால் அதற்கு மேல் போகாமல் திரும்புங்கள். எக்ஸ்டென்ஷன் வயரில் சார்ஜ் போடவே வேண்டாம். சுவர்ப் பொயின்றானாலும் பத்து நிமிடத்தில் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் கழற்றுங்கள், ஒருவரும் பார்க்காத வீட்டில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். எல்லாவற்றையும் விட முக்கியமானது, கரண்ட் தருகிறவருக்கு அது எவ்வளவு இழுக்கும் என்ற உண்மையை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். கூச்சம் ஒரு நிமிடத்தில் போய்விடும்.

அடுத்த கிழமை இவரே பஸ்ஸில், வயர் வேலை செய்பவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு புங்குடுதீவுக்குப் போனார். காருக்கு என்ன வருத்தம் என்று கேட்டவர்களுக்கு, வயசு போட்டுது என்று சொன்னாராம். குசினி வயர் முழுவதையும் மாற்றி, முற்றத்துப் பக்கச் சுவரில் தனியாக ஒரு பொயின்றும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.

நேற்று மாமி எனக்குக் கோல் எடுத்தா.

"பிள்ளை, சோடா குளிருது. உங்கட போனை எப்ப கொண்டு வாறியள்?"